தெருவின் அகலம்

கணபதிப் பகுதியில் அந்தத் தெருவுக்குள் திரும்பினால் முதலில் கண்ணில் படுவது சுந்தரராஜுலு வீட்டுக் காம்பவுண்டுச் சுவர்தான். கருங்கல் சுவர், மேலே இரும்புக் கம்பி, வாசலுக்கு இருபுறமும் ஆள் உயரத் தூண். அதற்கு நேர் எதிரே கிடந்த சின்னக் காலிமனையைப் பொற்கொடி வாங்கியபோது அவர் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. விற்றவரைக் கூப்பிட்டு, தன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று மட்டும் வருத்தப்பட்டாராம்.

பொற்கொடியின் அப்பா ஐயாசாமி, சுந்தரராஜுலு குடும்பத்தின் பருத்திக் காட்டில் கூலி வேலை பார்த்தவர். பிறகு காடு மில்லாயிற்று. மில்லும் மூடிக் கிடக்கிறது. ஐயாசாமியும் காலமாகிவிட்டார். மகள் படித்து, காந்திபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் கணவன் ரவிக்குமார் பக்கத்துத் தெருவிலேயே லேத் பட்டறை வைத்திருந்தான். இவ்வளவு நாளும் பட்டறை அருகிலேயே வாடகை வீடு. சொந்தமாக மாடியோடு ஒரு வீடு கட்டிவிட வேண்டும் என்பதுதான் இருவருக்கும் ஆசை.

கட்டட அனுமதிக்கு முதல்முறை காகிதத்தில் விண்ணப்பித்தார்கள். ஃபைல் காணாமல் போனது. மறுபடி கொடுத்தார்கள், அதுவும் போனது. மாநகராட்சி அலுவலகத்தில் சுந்தரராஜுலுவுக்கு வேண்டிய ஆள் ஒருவர் இருப்பது தெருவுக்கே தெரியும். ஆனால் தெரியும் என்பதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன சொல்வது?

அப்புறம்தான் எல்லாம் ஆன்லைனுக்கு மாறியது. பிளான் போட்டுத் தந்த இன்ஜினியர் முஸ்தபா, வரைபடம், பத்திரம், பட்டா எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, இனி எவரும் எடுத்து ஒளித்துவைக்க அங்கே காகிதமே கிடையாது என்று தைரியம் சொன்னார்.

அடுத்த வாரமே பொற்கொடியின் போனுக்குத் தகவல் வந்தது. விண்ணப்பத்துக்கு ஆட்சேபணை. தெருவுக்குப் போதிய அகலம் இல்லை, மாடிக் கட்டடம் வந்தால் தீயணைப்பு வண்டி நுழைய முடியாது, ஆகவே அனுமதி தரக் கூடாது. கீழே அனுப்பியவர் பெயர் முழுதாக இருந்தது. இத்தனை காலம் மறைவில் இருந்த கை, இன்றைக்குப் பெயரும் முகவரியுமாக அவள் உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. அவளுக்குக் கோபத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் அவர் வாசலில் நின்றாள். சுந்தரராஜுலு ஹோஸ் பைப்பால் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அப்பா அவரை எசமாங்க என்று கூப்பிடுவார். பொற்கொடி அப்படிக் கூப்பிடவில்லை.

“ஏனுங்க சார், எம்பட மனைக்கு நீங்க ஆட்சேபணை போட்டிருக்கறீங்களாமா?”

“பொதுநலத்துக்குப் போட்டதும்மா. நாளைக்கு ஒரு அவசரம்னா வண்டி வரோணுமல்ல?” அவர் திரும்பிப் பார்க்கவில்லை. “உங்கப்பன் இருந்திருந்தா எங்கிட்டக் கேட்டுப்போட்டுத்தான் மனையே வாங்கியிருப்பான்.”

“அப்படிக் கேட்டுக் கேட்டுத்தானுங்க, அவரு கடைசி வரைக்கும் ஒண்ணும் வாங்காமயே போயிட்டாருங்க.”

அவர் பைப்பை வாசல் பக்கம் திருப்பினார். தண்ணீர் அவள் செருப்பை நனைத்தது. பொற்கொடி நகரவில்லை. அவராகவே பைப்பை வேறு பக்கம் திருப்பும்வரை நின்றுவிட்டுத்தான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

ஆட்சேபணை வந்ததால் இடத்தை நேரில் பார்க்க ஆள் வந்தது. யாரை அனுப்புவது என்பதையும் கம்ப்யூட்டரே முடிவு செய்கிறதாம். வந்தவள் யுவஸ்ரீ என்ற இளம் அதிகாரி. வேறு பகுதியில் வேலை பார்ப்பவள். சுந்தரராஜுலு யார் என்பதே அவளுக்குத் தெரியாது. அவர் வீட்டிலிருந்து காபி வந்தது. இப்போதுதான் குடித்தேன் என்று திருப்பி அனுப்பிவிட்டாள். பொற்கொடி கொடுத்த தண்ணீரையும் வாங்கவில்லை.

டேப்பைப் பிடித்துத் தெருவின் தொடக்கத்தில் அளந்தாள். நடுவில் அளந்தாள். கடைசியிலும் அளந்தாள். பழைய லேஅவுட் வரைபடத்தில் இருபத்து மூன்றடி; தரையிலும் அதே இருபத்து மூன்றடிதான், சுந்தரராஜுலு வீட்டு முன்னால் தவிர. அங்கே மட்டும் நாலடி குறைந்தது. யுவஸ்ரீ போனை எடுத்துக் கருங்கல் சுவரைப் படம் பிடித்தாள்.

சுந்தரராஜுலு வெளியே வந்துவிட்டார். “அம்மிணி, எங்க செவுத்தை எதுக்குப் படம் புடிக்கறீங்க?”

“ரோடு அகலம் பத்தலைன்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க? எந்த இடத்துல பத்தலைன்னு பார்க்கறேன்.”

அன்று பட்டறையில் ரவிக்குமார் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. சுவரை எடுக்கச் சொல்லி அவருக்கு நோட்டீஸ் வந்தது. அவர் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார். தெருவின் அகலம் தீராமல் பொற்கொடியின் விண்ணப்பமும் நகராது. முஸ்தபா ஒரு வழி சொன்னார். இவர்கள் பக்கத்தில் நாலடியைத் தெருவுக்கென்று தானமாக எழுதிக் கொடுத்துவிட்டால் தெரு அகலம் சரியாகிவிடும், அனுமதியும் சீக்கிரம் வந்துவிடும். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார்.

ரவிக்குமார் உடனே சம்மதித்தான். பொற்கொடி மாட்டேன் என்றாள்.

“நாலடிதானே பொற்கொடி? ஒரு ரூம்பு சின்னதாப் போயிரும், அவ்வளவுதான்.”

“அவரு வளைச்சுப் போட்ட எடத்துக்கு நாம எதுக்குங்க தானம் பண்ணோணும்?”

“ஊடு வேணுமா, சண்டை வேணுமா? ஏதாச்சும் ஒண்ணைச் சொல்லு.”

உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் அவளுக்குச் சண்டைதான் வேண்டியிருந்தது. அதன்பிறகு வீட்டில் இருவரும் சோறு, துணி, கரண்ட் பில் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை.

மதியம் டப்பாவைத் திறக்குமுன் போனைத் திறந்து பார்ப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. நிலுவை என்ற அந்த ஒரே சொல் மாறாமல் இருந்தது. மழைக்காலம் வந்து போனது. ஒருநாள் மனைக்கு எதிர்வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்று, சுந்தரராஜுலுவை ஏற்றிப் போனது. மனுஷன் போய்விட்டால் கேஸ் என்ன ஆகும் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு நாலைந்து நாளில் அவர் திரும்பி வந்துவிட்டார். வந்ததும் வக்கீலுக்குத்தான் போன் போட்டார் என்று கேள்விப்பட்டாள்.

பெங்களூரில் இருந்த அவர் பேரன் யஷ்வந்த் தாத்தாவைப் பார்க்க வந்தான். வந்தவன் பழைய வீட்டை இடித்துவிட்டு ஃபிளாட் கட்டப் போவதாகச் சொல்லி, பில்டரையும் பிடித்துவிட்டான். அவர்களும் ஆன்லைனில்தானே விண்ணப்பிக்க வேண்டும்? விண்ணப்பம் திரும்பி வந்தது. தெருவுக்கு அகலம் போதாது, மனுதாரரின் சுவர் தெருவுக்குள் இருக்கிறது என்று, யுவஸ்ரீ எடுத்த அதே படத்தோடு.

அன்று அந்த வீட்டில் எழுந்த கூச்சல் பொற்கொடியின் மனை வரைக்கும் கேட்டது. தாத்தா தெலுங்கில் திட்டினார்; பேரன் தமிழும் இங்கிலீஷுமாகத் திருப்பிக் கொடுத்தான். கேஸ் வாபஸ் ஆனது. ஒரு காலையில் ஜேசிபி வந்து சுவரையும் தூண்களையும் தள்ளியது. இடிந்த கல்லையெல்லாம் வண்டிக்காரன் எதிர்ப்பக்கம் ஒதுக்கி, பொற்கொடியின் மனை வாசலை அடைத்துக் குவித்துவிட்டுப் போனான். யார் சொல்லி அப்படிக் குவித்தான் என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அவளுக்கு அனுமதி வந்தது. அஸ்திவாரம் தோண்டியாயிற்று. கல்லை அள்ள யாரும் வரக் காணோம். வண்டி வைத்து எங்காவது கொட்டிவிடலாம் என்றான் ரவிக்குமார். அவளோ மேஸ்திரியைக் கூப்பிட்டு அத்தனையையும் அஸ்திவாரக் குழிக்குள் போடச் சொன்னாள்.

பாதி போட்டபோது சுந்தரராஜுலு தெருவைக் கடந்து வந்தார். ஆள் மெலிந்திருந்தார். அவள் மனைக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல்முறை.

“அந்தக் கல்லெல்லாம் எங்களுது.”

“தெரியுமுங்க சார். ரோட்டுல கெடந்துச்சுங்க. வண்டி போக அகலம் பத்தாதுன்னு உள்ள எடுத்துப் போட்டுட்டேனுங்க. வேணும்னா ஒரு மனுப் போடுங்க.”

அவர் குழியின் விளிம்புவரை போய் எட்டிப் பார்த்தார். மேஸ்திரி அவருக்காக வேலையை நிறுத்தினான். நிறுத்த வேண்டாம் என்று பொற்கொடி சொன்னாள். அவன் அடுத்த கல்லைத் தூக்கினான். அவர் திரும்பி நடந்தார்.

வீடு எழும்பியது. கிரகப்பிரவேசத்துக்குச் சுந்தரராஜுலுவுக்குப் பத்திரிகை வைக்கலாமா என்று ரவிக்குமார் கேட்டான், வேண்டாம் என்றுவிட்டாள். விசேஷத்தன்று அதிகாலையில், எதிரே பழைய வீட்டை இடித்து ஃபிளாட் வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் டைல்ஸ் அறுக்கும் மெஷினை ஓட்டத் தொடங்கினார்கள். ஐயர் சொன்ன மந்திரம் யார் காதிலும் விழவில்லை. ரவிக்குமார் எழுந்து போய், நாதஸ்வரப் பாட்டு ஓடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரைத் தெருப் பக்கமாகத் திருப்பி, சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்தான்.