மாற்றாமல் விட்ட பூட்ஸ்

அந்த எழுத்து வகுப்பில் ஒரு வழக்கம். யாருடைய கதையை அன்றைக்கு எடுத்துக்கொள்கிறார்களோ, அவர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வாரம் முன்னாலேயே ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிட வேண்டும். மற்ற பதினோரு பேரும் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பார்கள். எழுதியவர் குனிந்து குறிப்பெடுக்கலாம், அவ்வளவுதான்.

அன்றைக்கு டீகன் ஷீஹானின் முறை.

உருக்காலைப் புகையும் கடலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இது நான்காவது வருஷம். சட்டமும் கதை எழுத்தும் சேர்த்து, ஐந்து வருஷத்தில் இரண்டு பட்டம். சட்ட வகுப்பில் அவளைக் கண்டால், "கதைக்காரி வந்துட்டா, உஷாரா பேசுங்க" என்பார்கள். எழுத்து வகுப்பிலோ அவள் பேர் "வக்கீலம்மா". இரண்டு பக்கமும் விருந்தாளி மாதிரிதான். ஆனாலும் அவளுக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

சட்டப் படிப்பின் பகுதியாக வாரத்தில் இரண்டு நாள் இலவசச் சட்ட உதவி மையத்தில் உட்கார வேண்டும். சேர்ந்த முதல் நாளே, இங்கே கேட்டது எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். அங்கேதான் நோரீன் பெட்கோவ்ஸ்கியைப் பார்த்தாள். பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை செய்கிற அம்மாள். உருக்காலையில் இருந்த புருஷன் ரிஸ்டோ இறந்து இரண்டு வருஷம். குத்தகை அவர் பேரில் இருந்ததால் வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்கிறான், அதற்காக வந்திருந்தாள். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாள். அவர் போன அடுத்த மாசம் யாரோ பின்பக்க ஜன்னலை நெம்பிப் பார்த்திருக்கிறார்கள். அன்றிலிருந்து தினமும் ரிஸ்டோவின் இரும்பு முனை பூட்ஸை வாசலில் வைக்கிறாள். ஒருநாள் வலது, ஒருநாள் இடது சாய்ந்திருக்கும்படி. மழை பெய்தால் குழாயடியில் கொஞ்சம் சேறு பூசி.

"ஆம்பளை இருக்கான்னு நெனைச்சுட்டுப் போகட்டுமே" என்று சிரித்தாள்.

டீகனுக்கு அந்தச் சிரிப்பு விடவே இல்லை. கதையாக எழுதினாள். பேரை மாற்றினாள், தெருவை மாற்றினாள், கேன்டீனைச் சலவைக்கடை ஆக்கினாள், உருக்காலையைத் துறைமுகம் ஆக்கினாள். பூட்ஸை மட்டும் மாற்ற மனசு வரவில்லை. அதை எடுத்தால் கதையில் உயிர் இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

மேசையைச் சுற்றிப் பேச்சு நன்றாகவே போனது. அப்புறம் கோரி ஸ்டாவ்ரு கையைத் தூக்கினான். எதற்கும் முந்திக்கொண்டு பேசுகிற, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத பையன்.

"அந்த பூட்ஸ் இருக்கு பாருங்க, அச்சு அசலா எங்க தெருவுல ஒரு வீட்டு வாசல்ல கெடக்கும்! நாலு வீடு தள்ளி. உள்ள ஒரு தடியன் இருக்கான்னே இத்தனை நாளா நெனைச்சுட்டிருந்தேன். இந்தக் கதையைப் படிச்சப்புறம் யோசிக்கிறேன், அங்க எந்த ஆம்பளையையும் நான் பார்த்ததே இல்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். "பாருங்க, இதான் எழுத்து. வாசகன் தன் தெருவையே புதுசா பார்க்கிறான்" என்றார் ஆசிரியர்.

டீகன் குனிந்தபடியே இருந்தாள். பேனா காகிதத்தில் ஒரே இடத்தில் நின்று மை ஊறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் பேசக் கூடாது. பேசலாம் என்றாலும் என்ன சொல்லியிருப்பாள், பாவம்.

வகுப்பு முடிந்ததும் கோரி ஓடிவந்தான். "வக்கீலம்மா, பிரமாதம்! போன வாரமே எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டிட்டேன். அம்மா எங்க மீன்கடைக்கு வர்றவங்ககிட்ட ஒருத்தர் விடாம அந்த பூட்ஸ் வீட்டைப் பத்தித்தான் சொல்லிட்டிருக்கு."

"ஒருத்தர் விடாமயா?"

"எங்கம்மாவைத் தெரியாதா உனக்கு? ஏன், மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்ல கோரி. உன் பிரதியைக் குடுத்துடு. அம்மாவை அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லு. ஏன்னு கேக்காத."

பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்ஸை விட்டாள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. கதையில் நோரீன் பேர் இல்லை. வாயை மூடிக்கொண்டால் இன்னும் ஒரு வருஷம், பட்டம், அப்புறம் வக்கீலாகப் பதிவு. சொன்னால், பதிவுக்கு எழுதும்போது படிக்கிற காலத்தில் செய்த தப்பு எதையும் மறைக்காமல் எழுத வேண்டும். அதைப் பார்த்துப் பதிவு செய்கிறவர்கள் கதவைச் சாத்தலாம். ஆனால் வாசலில் பூட்ஸை வைத்துவிட்டு, அது காவல் காக்கிறது என்று நம்பி அந்த அம்மாள் இன்றைக்கும் தூங்கப்போவாள்.

மூன்றாவது பஸ்ஸில் ஏறி மையத்துக்குப் போனாள். அங்கே பொறுப்பு வக்கீல் ரூத் அபேலா, அதிகம் பேசாதவர். முழுசும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"தெரியும்."

"நான் இதை எழுதி வைக்கணும். பதிவு சமயத்துல நீயும் எழுதணும். அவங்க எப்படி எடுத்துக்குவாங்கன்னு நான் வாக்குக் குடுக்க முடியாது."

"சரி."

"கிளம்பு. நோரீன் வேலைவிட்டு வர்ற நேரம்தான். நானும் வரேன். ஆனா சொல்ல வேண்டியது நீ."

படியேறும்போதே பூட்ஸ் தெரிந்தது. அன்றைக்கு இடது சாய்ந்திருந்தது. நோரீன் கதவைத் திறந்து, "அட, ரெண்டு பேருமா! கேஸ் தோத்துப்போச்சா என்ன?" என்றாள்.

டீகன் நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. நோரீன் உள்ளே வரச் சொல்லவும் இல்லை. கையை நீட்டிக் கதையை வாங்கினாள். எட்டுப் பக்கத்தையும் வாசலிலேயே நின்று படித்தாள். ஒரு இடத்தில் மட்டும் திரும்பிப்போய் மறுபடி படித்தாள்.

"என் தெருவை மாத்தியிருக்க. வேலையை மாத்தியிருக்க. என் தலைமுடியைக்கூட நல்லதா மாத்தியிருக்க. இவ்ளோ பொய் சொல்லத் தெரிஞ்ச பொண்ணுக்கு இந்த ஒண்ணை மாத்தத் தெரியலையா?"

"தெரியும். மாத்தலை."

"ஏன்?"

"கதை நல்லா இருந்துச்சு."

நோரீன் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தாள். "அது உண்மைதான், நல்லாத்தான் இருக்கு" என்றாள் கசப்பாக. பிறகு ரூத்திடம் திரும்பினாள். "என் கேஸை இனிமே இவ தொடக் கூடாது. நான் என் தங்கச்சி வீட்டுல படுத்துக்கறேன்."

"படுத்துக்கோங்க. ஆனா சாமானை எடுக்காதீங்க, வீட்டை விட்டுட்டீங்கன்னு வீட்டுக்காரன் சொல்லிடுவான்" என்றார் ரூத்.

நோரீன் குனிந்து பூட்ஸை எடுத்தாள். இரண்டையும் மார்போடு சேர்த்துக்கொண்டு உள்ளே போனாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

அந்த வாரம் டீகன் பதினோரு பிரதிகளையும் திரும்ப வாங்கினாள். கோரியின் பிரதியில் மீன் பொரித்த எண்ணெய் வட்டமாக ஊறியிருந்தது. எல்லாவற்றையும் ரூத் கையில் கொடுத்தாள். கணினியில் இருந்ததையும் அவர் முன்னாலேயே அழித்தாள். பிறகு பதிவின்போது கொடுக்க வேண்டிய வாக்குமூலத்தை எழுத உட்கார்ந்தாள். ஒன்று, இரண்டு என்று எண் போட்ட வரிகள். வருத்தத்தை அழகாகச் சொல்கிற வரி ஒன்று வந்தது, அடித்துவிட்டாள். ஆறாவது வரி இப்படி இருந்தது: "கட்சிக்காரர் என்னிடம் நம்பிச் சொன்ன ஒரு விவரத்தை என் கதையில் மாற்றாமல் விட்டேன். மாற்ற முடியும் என்று எனக்குத் தெரிந்திருந்தது."

ரூத் படித்துவிட்டு ஆறாவது வரியில் விரலை வைத்தார். "என்ன விவரம்னு கேப்பாங்க. சொல்லாட்டி எதையோ மறைக்கிறன்னு நெனைப்பாங்க. உனக்குத்தான் கஷ்டம்."

"அது என்னோடது இல்ல ரூத். நோரீன் சொல்லுன்னா சொல்றேன்."

"அவங்க சொல்லலைன்னா?"

டீகன் பேனாவை எடுத்து அடியில் கையெழுத்துப் போட்டாள்.