மார்ஜரி டீச்சர் சொன்ன நன்றி

ஹாலம்பி கிராம மண்டபத்தில் அன்று சாயங்காலம் நாற்காலி போதவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, வெளியே போவதா என்று நாடே ஓட்டுப் போடப்போகிற ஜூன் மாதம் அது. டீக்கடை, தேவாலயம், முடிவெட்டும் இடம் எங்கே போனாலும் இதே பேச்சு. சொந்த மச்சானோடு பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள்கூட உண்டு. அதனால்தான், சண்டை போடுவதை ஒழுங்காக மேடை போட்டுப் போடுவோம் என்று மண்டபத்துத் தலைவி பிரெண்டா ஏற்பாடு செய்திருந்தாள். டீ உண்டு, பிஸ்கட் உண்டு, கடைசியில் குலுக்கல் பரிசும் உண்டு.

வெளியேறுவோம் என்ற கட்சிக்குப் பேச வந்தவர் ட்ரெவர் பிக்கரிங். ஊரில் கார் பட்டறை வைத்திருப்பவர். காது ஓரம் வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். உள்ளேயே இருப்போம் என்ற கட்சிக்கு மார்ஜரி டீச்சர். ஓய்வு பெற்று வருஷக்கணக்கானாலும் ஊருக்கே அவர் டீச்சர்தான். முன்வரிசையில் அவருடைய கணவர் ஆல்வின், மூச்சு இழுக்கிற மனிதர், மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆல்வினைப் பார்த்ததுமே ட்ரெவர் கோட்டுப் பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் போட்டார். மேடை பயம் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டார். மேடை பயம் இல்லை அது.

விஷயம் இதுதான். டீசல் காரின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்க ஒரு வடிகட்டி உண்டு. ஐரோப்பிய விதியால் வந்து சேர்ந்த சாமான். கடைக்கும் ஆஸ்பத்திரிக்குமாகக் குட்டிக் குட்டித் தூரம் ஓடுகிற வண்டியில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், ஓட்டுகிறவர் முகத்துக்கு நேரே மஞ்சள் விளக்கு எரியும். புதிது வாங்கினால் விலை கையைச் சுட்டுவிடும். ட்ரெவர் என்ன செய்வார் என்றால், வடிகட்டியின் இரும்புக் கூட்டை அறுத்து, உள்ளே இருப்பதை இடித்துக் கொட்டிவிட்டு, வெறும் கூட்டைத் திரும்பப் பற்றவைத்து மாட்டிவிடுவார். விளக்கையும் எரியாமல் செய்துவிடுவார். வருஷா வருஷம் நடக்கும் சோதனையில் வெளியிலிருந்து பார்த்தால் வடிகட்டி இருக்கிற மாதிரியே இருக்கும். அந்தச் சோதனையைச் செய்கிறவரும் அவர்தான். நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்ற விவசாயிகளில் பாதிப்பேர் கேட்டு வாங்கிக்கொண்ட உபகாரம் அது.

டீச்சர் கேட்கவில்லை. குளிர்காலத்தில் வண்டியைக் கொண்டுவந்து, “விளக்கு எரியுது, என்னன்னு பாருப்பா” என்று மட்டும்தான் சொன்னார். ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு எதற்குச் செலவு என்று ட்ரெவரே இரக்கப்பட்டுச் செய்துவிட்டார். கேட்டால் டீச்சர் வேண்டாம் என்பார் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. “சரி பண்ணிட்டேன் டீச்சர்” என்று சாவியைக் கொடுத்தபோது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ட்ரெவர் பேச எழுந்தார். எழுதி வைத்த தாளைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தார்.

“நம்ம வீட்டுல எவ்வளவு புகை வரலாம்னு நம்ம ஆளுங்க முடிவு பண்ணட்டும். தப்பாப் பண்ணா ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிடலாம். ஒன்றியத்து ஆபீஸ்ல, பிரஸ்ஸல்ஸ்ல உக்காந்திருக்கறவன எப்படி அனுப்புறது? அவன் பேருகூட எனக்குத் தெரியாது.”

“தெரிஞ்சாலும் உன் வாயில நுழையாதுடா!” என்று சுவரோரத்திலிருந்து கத்தினான் ஸ்டூவர்ட், பன்றிப் பண்ணைக்காரன். மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பு ட்ரெவருக்குத் தெம்பு கொடுத்தது. எழுதி வைத்திராத ஒன்றைச் சொன்னார்.

“இன்னொண்ணு கேளுங்க. மத்த நாட்டுக்காரங்க எல்லாச் சட்டத்துக்கும் கையெழுத்துப் போடுவாங்க, ஊருக்குப் போனதும் மறந்துடுவாங்க. போட்ட கையெழுத்துக்கு மரியாதை குடுத்து, எழுத்துக்கு எழுத்து ஒழுங்கா நடக்குற ஏமாளி ஐரோப்பாவுலயே நாம மட்டுந்தான்!”

அதற்கு விழுந்த கைதட்டலில் டீக்கோப்பைகள் அதிர்ந்தன. அதிகமாகத் தட்டியது சுவரோரம்தான். ஸ்டூவர்ட் தட்டிக்கொண்டே ட்ரெவரைப் பார்த்துக் கண்ணடித்தான். அவன் வண்டியில் கூடு காலியாகி இரண்டு வருஷம் ஆயிற்று. ட்ரெவருக்குக் காது மடல் சுட்டது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

மார்ஜரி டீச்சர் மெதுவாக எழுந்தார்.

“நம்மளால வெளிய அனுப்ப முடியாதவங்க நமக்குச் சட்டம் போடக்கூடாதுன்னு ட்ரெவர் சொல்றான். அது நியாயமான கேள்விதான். அதுக்கு எங்கிட்ட முழுசா பதில் இல்ல. ஆனா நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப, நாம குளிச்ச கடல்லயே சாக்கடைய விட்டது யாரு? நம்ம ஓட்டு வாங்கின நம்ம ஆளுங்கதான். பக்கத்து வீட்டுக்காரன், அதான் ஐரோப்பா, எட்டிப் பாக்குறான்னு தெரிஞ்ச பிறகுதானே நம்ம வாசலை நாமளே பெருக்கினோம்?”

“டீச்சர், வீட்டுப்பாடம் எழுதலைன்னா பிரஸ்ஸல்ஸ்ல மூலையில நிக்க வைப்பாங்களா?” என்றான் ஸ்டூவர்ட்.

“உனக்கு ஒரு மூலை பத்தாது, உக்காரு.”

டீச்சரின் பதிலுக்கும் மண்டபம் சிரித்தது. ஆனால் கை உயரவில்லை. பிரெண்டா ஓட்டெடுப்பு நடத்தியபோது, டீச்சர் பக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கைகள் தெரிந்தன. ட்ரெவர் ஜெயித்துவிட்டார்.

அந்த மண்டபத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த விவாதமானாலும் தோற்றவர்தான் ஜெயித்தவருக்கு நன்றியுரை சொல்ல வேண்டும். மனஸ்தாபத்தோடு யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது என்று யாரோ எந்தக் காலத்திலோ போட்ட ஏற்பாடு. டீச்சர் மறுபடி எழுந்தார். ட்ரெவர் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“நான் தோத்துட்டேன். ஆனா பயப்படல. ஏன்னு சொல்றேன். ஆல்வினுக்கு நெஞ்சு சரியில்லைன்னு உங்களுக்கெல்லாம் தெரியும். இந்தக் காரை நாங்க வாங்கினதே புகையைப் புடிக்கிற வடிகட்டி இருக்குன்னுதான். நம்ம தெருவுல இன்னொரு ஆல்வின் இருந்தா அவனுக்கும் புகை ஆகாதில்லையா. போன குளிர்காலத்துல அது மக்கர் பண்ணிச்சு. எந்த அதிகாரியும் பக்கத்துல நின்னு பாக்கல. ட்ரெவர் சரி பண்ணிக் குடுத்தான். அந்தச் சட்டமே இல்லாட்டியும் அவன் பண்ணியிருப்பான், எனக்குத் தெரியும். இந்த மாதிரி ஆளுங்க கையில நாடு இருக்கும்னா, பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பாக்கத் தேவையே இல்ல. நன்றி ட்ரெவர்.”

 சுவரோரத்தில் ஒருவர் தன் குலுக்கல் சீட்டை ரொம்ப அக்கறையாகப் படித்தார். ஒருவர் ஷூவைப் பார்த்தார். அப்புறம் விஷயம் தெரியாத பெண்கள் கைதட்ட, தெரிந்த ஆண்களும் தட்டினார்கள். முன்பு தட்டியது போலில்லை, கையில் காயம் இருக்கிற மாதிரித் தட்டினார்கள்.

பதிலுக்கு ட்ரெவர் ஏதாவது சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். “தேங்க்ஸ் டீச்சர்” என்று வந்தது. குலுக்கலில் பழக் கேக் அவர் சீட்டுக்கு விழுந்தபோது அவர் எழுந்திருக்கவே இல்லை. பிரெண்டா கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். கார்கள் நிற்கிற சரளைக்கல் முற்றத்தில் எல்லாரும் கூட்டம் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் ஆல்வினைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து முன்சீட்டில் உட்காரவைத்தார். கண்ணாடியை இறக்கிவிட்டார், காற்று வரட்டும் என்று. வண்டியைக் கிளப்பினார். வாசல் ஏற்றத்துக்காகக் கொஞ்சம் அழுத்தி மிதித்தார்.

குழாயிலிருந்து கறுப்பாக ஒரு புகை எழும்பியது. வேலியில் மோதி, திரும்பி, நின்றவர்கள் மேலெல்லாம் படிந்து, இறக்கிவிட்ட கண்ணாடி வழியே உள்ளேயும் போயிற்று. ஆல்வின் இருமினார். விடாமல் இருமினார்.

டீச்சர் வண்டியை நிறுத்தித் தலையை நீட்டினார். “சாயங்காலக் குளிருக்கு எஞ்சின் இப்படித்தான் பண்ணுமில்ல, ட்ரெவர்?”

ஸ்டூவர்ட் ட்ரெவரின் முழங்கையைப் பிடித்தான். “ஆமான்னு சொல்லித் தொலைடா,” என்றான் காதோரம்.

ஆமா டீச்சர் என்கிற வார்த்தை ட்ரெவரின் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. ஆல்வின் இருமி முடிக்கட்டும் என்று காத்திருந்தார். அவர் முடிக்கவில்லை.

“இல்ல டீச்சர். வண்டிய அணைங்க. அதுல வடிகட்டி இல்ல.”

“இருக்கே. நீதானே சரி பண்ண.”

“கூடு மட்டுந்தான் இருக்கு. உள்ள இருந்தத நான் இடிச்சுக் கொட்டிட்டேன்.”

டீச்சர் சாவியைத் திருகினார். எஞ்சின் நின்றது. கோபப்படுவார் என்று ட்ரெவர் எதிர்பார்த்தார், கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

“நான் கேட்டேனா அத?”

“இல்ல டீச்சர். உங்களுக்குச் செலவு வேணாம்னு...”

“நான் அங்க நின்னு அவ்வளவும் சொன்னேனே. நீ கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?”

ட்ரெவர் கேக்கைக் கையில் பிடித்தபடி நின்றார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

டீச்சர் அவரை விட்டுவிட்டு மற்றவர்களைப் பார்த்தார். ஸ்டூவர்ட் சரளைக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் நின்றவரும் அப்படியே. டீச்சரின் முகம் மெல்ல மாறியது.

“எல்லாருமா?” என்றார்.

ஸ்டூவர்ட் காலால் சரளைக்கல்லைக் கிளறினான்.

“மார்ஜரி, நாம நடந்தே போயிடலாம் கண்ணு,” என்றார் ஆல்வின், மூச்சுக்கு நடுவே.

டீச்சர் இறங்கி, சாவியை ட்ரெவரின் கோட்டுப் பையில் தானே போட்டார். “புதுசு போடு. எவ்வளவு செலவாகுதோ சொல்லு,” என்றார். பிறகு ஆல்வினின் கையைப் பிடித்துக்கொண்டு ஏற்றத்தில் நடந்தார். அந்தச் சந்து குறுகலானது. இரண்டு பக்கமும் உயரமான வேலி. தேவாலய வாசலில் ஆல்வின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

ஊருக்குள் போக வேறு வழி கிடையாது. யார் வண்டி எடுத்தாலும் அவர்களை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். ஆண்கள் எல்லாரும் அவரவர் கார் பக்கத்தில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். முதல் ஆளாகக் கிளப்ப யாருக்கும் கை வரவில்லை.

மண்டபத்தைப் பூட்ட வந்த பிரெண்டா, நிறைந்திருந்த முற்றத்தைப் பார்த்து நின்றாள்.

“என்ன, யாரும் வீட்டுக்குப் போகலையா?” என்றாள்.

“போறோம், போறோம்,” என்றான் ஸ்டூவர்ட். நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.