செல்லாது

2025 நவம்பர் 3, திங்கட்கிழமை, முற்பகல் பதினொன்றே காலுக்கு, சான்பாடாவில் உள்ள சர்வீஸ் சென்டரின் மூன்றாம் எண் கவுண்டரில், என் தங்கை அம்மிணி இறந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிவிக்கப்பட்டது. அந்நேரத்தில் அம்மிணி மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய மின்சார ஸ்கூட்டர் பழுதுபார்க்கப் போய் அன்றோடு எழுபத்தேழு நாள்கள் ஆகியிருந்தன.

அம்மிணிக்கு அறுபத்துமூன்று வயது, எனக்கு எழுபத்துநான்கு. நான்கு வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தால் அவளுடைய இடக்கால் சூம்பிப்போயிற்று. தொடையிலிருந்து குதிகால்வரை இரும்புப் பட்டை கட்டி, ஊன்றுகட்டையோடுதான் நடப்பாள். செம்பூரில் ஒரு காது பரிசோதனை நிலையத்தில் அவளுக்குப் பதினொரு ஆண்டுகளாக வேலை. கேட்கும் திறனைச் சோதிக்கும்போது, நோயாளியின் முதுகுக்குப் பின்னால் ஒரு திரைக்கு அப்பால் உட்கார்ந்து, அவள் சொற்களைப் படிப்பாள். மிளகு. கதவு. வயிறு. நோயாளி அவற்றைத் திருப்பிச் சொல்லவேண்டும். தமிழ் மட்டுமே அறிந்த கிழவர்கள் பாண்டுப்பிலிருந்துகூட அவளுடைய குரலுக்காக வருவார்கள். அங்கே போகவும் வரவும் அவளுக்கு அந்த ஸ்கூட்டர்தான் கால். சென்ற ஆண்டு ஜனவரியில் வாங்கியது. பின்சக்கரத்தின் இருபுறமும் உள்ள துணைச் சக்கரங்களை, நிறுவனத்தின் அனுமதியோடு, தாராவியில் பட்டறை வைத்திருக்கும் ஜெயினுலாப்தீன் பொருத்திக் கொடுத்தார்.

ஆகஸ்டு பதினாறாம் தேதி சயான் சர்க்கிளில் அது நின்றது. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்துவிடும் கன்ட்ரோலர் பெட்டி போய்விட்டது. முதலில் வந்து பார்த்தவர் ஜெயினுலாப்தீன்தான்.

"யக்கா, இது ரெண்டு மணி நேர சோலி. பொட்டியத் தொறந்து மாத்திட்டா ஓடிரும். ஆனா சீலை உடைச்சா வாரண்டி போயிரும், இப்பமே சொல்லிட்டேன்" என்றார்.

உத்தரவாதப் புத்தகத்தை நான் எடுத்துப் பார்த்தேன். பிழைகள் மலிந்த தமிழில் அது எழுதப்பட்டிருந்தது. ஒரே ஒரு வாக்கியம் பிழையின்றி இருந்தது: முத்திரை உடைக்கப்பட்ட வாகனத்துக்கு உத்தரவாதம் செல்லாது. இன்னும் பதினேழு மாத உத்தரவாதம் மீதமிருந்தது. முத்திரையைத் தொடக்கூடாது என்று நான் சொன்னேன்.

"சரி. கம்பெனிக்காரன் குடுப்பான்னு காத்திருக்கதா இருந்தா, நல்ல நாற்காலியா ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார். பதினெட்டாம் தேதி வண்டியைச் சான்பாடாவில் ஒப்படைத்தேன்.

முதல் பன்னிரண்டு நாள்கள் நான் அம்மிணியை டாக்சியில் கொண்டுவிட்டு, மாலையில் போய் அழைத்துவந்தேன். மாட்டுங்காவுக்கு ஆட்டோ வராது. குர்லாவில் ரயில் மாறும் படிகள் அவளுக்கு இயலாதவை. செயலியில் அழைத்த கார்கள் கிட்டத்துச் சவாரி என்று பாதியிலேயே மறுத்துவிடும். பதின்மூன்றாம் நாள் அவள் பட்டையைக் கட்டிக்கொள்ளவில்லை. "எல்கேஜி கொழந்தைய ஸ்கூல்ல கொண்டுவிடறாப்பல இருக்கு அக்கா. வண்டி வந்தா நானே போய்க்கறேன்" என்றாள். அதற்குப்பின் அவள் வெளியே செல்லவில்லை. நிலையத்தை நடத்தும் டாக்டர் ஸ்ரீலேகா பொறுமையானவர்தான். அவரும் அக்டோபர் இறுதியில், நவம்பர் பத்தாம் தேதிவரை பார்ப்பதாகவும், அதன்பின் பதிவுசெய்த குரல் ஒன்றை வாங்கிவிடுவதாகவும் தெரிவித்தார்.

இரண்டு அறைகள் கொண்ட வீடு. நான் சமையலறையில் இருக்கும்போது அம்மிணி கூடத்திலிருந்து சொற்பட்டியலைப் படிப்பாள், குரல் துருப்பிடித்துவிடக்கூடாதாம். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நானும் என்னை அறியாமல் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பேன். "எண்பது மார்க். இடது காது மந்தம், அக்கா" என்பாள். சில நாள் சிரித்தோம். பிறகு அவள் சொற்களைப் படிப்பதை நிறுத்திவிட்டு, சன்னலோரத்தில் உட்கார்ந்து கீழே நிற்கும் வண்டிகளை எண்ணத் தொடங்கினாள். அவள் கட்டையை ஊன்றி அறைக்கு அறை போகும் ஓசையை வைத்தே அவளுடைய கோபத்தின் அளவை என்னால் சொல்ல முடிந்தது. இதையும் எழுதிவிடவேண்டும்: மாலை நான்கு மணிக்கு இரண்டு டம்ளர் காப்பி கலப்பது எனக்குப் பழகிவிட்டிருந்தது.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் நிறுவனத்திடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வரும். முதலில், பாகம் வரவழைக்கப்படுகிறது. செப்டம்பர் நடுவிலிருந்து, ஆவணம் எதிர்பார்க்கப்படுகிறது. யாரிடமிருந்து, யாரால், என்ன ஆவணம் என்பது அதில் இல்லை. தொழிற்சாலை அனுப்பவேண்டிய தாள் என்று நான் எண்ணிக்கொண்டேன். எழுவாயை மறைத்து வாக்கியம் அமைப்பது எனக்குப் புதிதன்று. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றினேன். கடைசிப் பதினொரு ஆண்டுகள் இறப்புக் கோரிக்கைப் பிரிவில். 'தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு வருகிறது' என்று எத்தனை ஆயிரம் கடிதங்களில் கையெழுத்திட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அப்படிப்பட்ட நான், என்ன ஆவணம் என்று கேட்காமல் ஏழு திங்கட்கிழமைகளைக் கடத்தினேன். பத்தாம் தேதி நெருங்கியபோதுதான் நேரில் போனேன்.

கவுண்டரில் இருந்த பெண்ணின் பெயர் ஷ்ருதி. நான் தமிழ் என்று தெரிந்ததும் அவளும் தமிழுக்கு மாறினாள். கோப்பைத் திறந்தாள். முகம் மாறிற்று.

"ஆண்ட்டி, கஸ்டமர் எக்ஸ்பயர்டுன்னு இருக்கு. ஸாரி ஆண்ட்டி, மாலூம் நஹி தா, எனக்குத் தெரியாது. உங்க ஹஸ்பெண்டா?"

"எனக்குக் கல்யாணமே ஆகலை. யார் இறந்தது?"

கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். வேங்கடேஸ்வரன் அம்மிணி கே. செப்டம்பர் 9, தொலைபேசி உரையாடல்: வாடிக்கையாளர் காலமானார். தேதி மார்ச் 14, 2025. குடும்பத்தினர் உறுதிசெய்தனர்.

அந்த அழைப்பு எனக்கு நினைவிருந்தது. அம்மிணிக்காக விண்ணப்பத்தை நிரப்பியவள் நான். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. குடும்பப் பெயர் என்று முதலில் ஒரு கட்டம், அதை வெறுமையாக விட்டால் விண்ணப்பம் ஏற்கப்படாது. ஆகவே அவளுடைய முதலெழுத்துகளை முறைப்படி விரித்து, தகப்பனார் பெயரை அங்கே எழுதினேன். கல்பாத்தி என்ற ஊர்ப் பெயரைக் கடைசியில் சுருக்கினேன். அழைக்கவேண்டிய எண்ணாக என்னுடையதைக் கொடுத்தேன். செப்டம்பர் ஒன்பதாம் தேதி யாரோ ஒரு பெண் அழைத்து, மிஸ்டர் வேங்கடேஸ்வரனோடு பேசவேண்டும் என்றாள். அவர் இல்லை என்றதும், எப்போது காலமானார் என்று கேட்டாள். கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொன்னேன்: அவர் 1987 மார்ச் 14, சனிக்கிழமை காலமானார். அவள் வருத்தம் தெரிவித்து வைத்துவிட்டாள். சென்ற ஆண்டு வண்டி வாங்கியவர் 1987இல் இறந்திருக்க முடியாது என்பதால், ஆண்டை யாரோ பொறுப்பாகத் திருத்தியிருந்தார்கள்.

எதிர்பார்க்கப்பட்ட ஆவணம் வாரிசுச் சான்றிதழ்.

"பார்ட் வந்துச்சு ஆண்ட்டி. செப்டம்பர் பன்னெண்டாம் தேதியே வந்துச்சு" என்றாள் ஷ்ருதி. "உங்க ஃபைல் ஹோல்டுல இருந்துச்சா, அதனால வேற வண்டிக்குக் குடுத்துட்டாங்க."

"என் தங்கை உயிரோடு இருக்கிறாள். நாளைக்கே அழைத்துவருகிறேன்."

"கூட்டிட்டு வந்தாலும் இங்க எதுவும் ஆகாது, ஆண்ட்டி. அஃபிடவிட் போட்டு, ஹெட் ஆபீஸ் வெரிஃபை பண்ணி, க்ளெய்ம் ஃபிரெஷ்ஷா ஓப்பன் பண்ணணும். கம்ஸே கம், கொறஞ்சது நாப்பத்தஞ்சு நாள். அதுவரைக்கும் அவங்களுக்கு வண்டியத் திருப்பிக்கூடத் தர முடியாது." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ரிப்பேரே வேணாம், அப்படியே எடுத்துக்கறேன்னா வாரிசு ஒரு சைன் பண்ணாப் போதும். அது இங்கயே முடிஞ்சிடும்." ஒரு தாளை நீட்டினாள். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

என் பிரிவுக்கு ஒருமுறை உல்லாஸ்நகரிலிருந்து ஒரு மனிதர் வந்தார். அவர் இறந்துவிட்டதாக அவருடைய அண்ணன் எழுதிக்கொடுத்துப் பணம் பெற்றிருந்தான். "நான்தான் நிற்கிறேனே" என்று அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னார். உயிரோடிருப்பதற்கு அதிகாரி ஒருவரின் சான்று கொண்டுவரும்படி அவரை அனுப்பினேன். விதி அதுதான். அவர் மீண்டும் வரவில்லை. வாஷி பாலத்தைக் கடக்கும்போது, அவருடைய முகத்தை நினைவுபடுத்த முயன்றேன். மேசை விளிம்பில் இருந்த விரல்கள் மட்டுமே நினைவுக்கு வந்தன.

வீட்டில் அம்மிணி கேட்டாள்: "என்ன சொல்றா?"

"பார்ட் இல்லையாம்."

அந்த வாக்கியத்தில் பொய் ஏதும் இல்லை. அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள்கள் இருந்தேன். அஃபிடவிட்டின் வாசகத்தை மூன்று முறை எழுதித் திருத்தினேன். அம்மிணியிடம் சொல்லும் வாசகம்தான் அமையவில்லை.

புதன்கிழமை மாலை நான் காப்பி டம்ளரை அவள் முன் வைத்தபோது அவள் அதைத் தொடவில்லை.

"டாக்டர் போன் பண்ணினா. திங்கக்கிழமை அந்த ரெக்கார்டிங்காரன் வரானாம். நான் வந்தா அவனைத் திருப்பி அனுப்பிடுவாளாம்." டம்ளரைத் தள்ளி வைத்தாள். "அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதே. நான் ஆத்தோட இருக்கறது நோக்கு சௌகரியமா இருக்கோ?"

பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து அவள் முன் வைத்து, நடந்த அனைத்தையும் வரிசையாகச் சொன்னேன். செப்டம்பர் பன்னிரண்டில் பாகம் வந்ததையும் விடவில்லை.

"கிழமை கூடச் சொன்னயாக்கும்" என்றாள் கடைசியில்.

"கேட்டா, சொன்னேன்."

"'நான் அம்மிணியோட அக்கா, நோக்கு என்ன வேணும்'னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"அவ அதைக் கேக்கலை."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. தாளை என் பக்கம் தள்ளினாள். "கையெழுத்துப் போடு. வண்டிய எடுத்துண்டு ஜெயினுலாப்தீன்ட்ட விட்டுடலாம்."

"உயிரோடு இருக்கிறவளுக்கு வாரிசுன்னு நான் கையெழுத்துப் போடணுமா? பொய் அம்மிணி, அது."

"எழுபத்தொம்பது நாளா நான் இந்த நாற்காலியில செத்துதான் கெடக்கேன். அதுல கடைசி ரெண்டு நாள் நீ சொல்லாம கூட்டிப் போட்டது. போடு."

"வாரண்டி போயிடும். அஃபிடவிட் எழுதி வச்சிருக்கேன், பிழையே இல்லை. நாப்பத்தஞ்சு நாள்தான்."

"அப்போ அந்த மெஷின் படிக்கும், நான் இங்கே ஒக்காந்து நோக்குப் படிச்சுக் காட்டறேன்." கட்டையை எடுத்து ஊன்றி எழுந்தாள். "நானும் கூட வருவேன். உள்ளே வரமாட்டேன். பொணம் வந்து நின்னா அந்தக் கவுண்டர்ல இருக்கற குழந்தை பயந்துடும்."

முடிவானவை இவை. நவம்பர் 7, வெள்ளிக்கிழமை, சான்பாடாவில் வாரிசு என்ற இடத்தில் நான் கையொப்பமிட்டேன். இறந்தவருக்கு என்ன உறவு என்ற கட்டத்தில், தமக்கை என்று எழுதினேன். ஷ்ருதி எனக்கு ஒரு தண்ணீர்ப் புட்டியைக் கொடுத்து, "ஹிம்மத் ரக்கோ ஆண்ட்டி" என்று தைரியம் சொன்னாள். கண்ணாடிக்கு அப்பால், ஜெயினுலாப்தீன் கொண்டுவந்த டெம்போவின் முன்னிருக்கையில் அம்மிணி வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தாள். 8ஆம் தேதி தாராவியில் முத்திரை உடைக்கப்பட்டது. "யக்கா, நீங்க பாக்க வேண்டாம், அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க" என்றார் ஜெயினுலாப்தீன். நான் திரும்பவில்லை. இரண்டு மணி நேரம் என்றவர் மூன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். மீதமிருந்த உத்தரவாதம் கைவிடப்பட்டது. அஃபிடவிட் தாக்கல் செய்யப்படமாட்டாது. அம்மிணியின் விருப்பம் அது. அந்த நிறுவனத்தின் பதிவேட்டில் அவள் மார்ச் 14 அன்று இறந்தவளாகவே இருப்பாள். நான் அவளோடு செம்பூருக்கு வரக்கூடாது என்பதும் முடிவாயிற்று.

10ஆம் தேதி காலை எட்டே முக்காலுக்கு வாசல் கேட்வரை மட்டும் போனேன். அவள் தலைக்கவசத்தின் வாரைக் கட்டிக்கொண்டு, கட்டையைப் பக்கத்தில் செருகினாள். "நாலு மணிக்கு ஒரு காப்பி போட்டாப் போறும்" என்றாள். அந்த வண்டிக்கு ஓசை கிடையாது, கிளம்பியதே தெரியவில்லை. பின்விளக்கின் கீழே, முத்திரைத் தாளை உரித்த இடத்தில், வெள்ளி நிறத்தில் VOID என்ற ஆங்கில எழுத்துகள் ஒட்டிக்கொண்டு நின்றன. ஜெயினுலாப்தீன் மண்ணெண்ணெய் வைத்துத் தேய்த்தும் அவை போகவில்லை. நான் அவற்றை அந்தப் புத்தகத்தின் தமிழில்தான் படித்தேன். சிக்னலில் பச்சை விழுந்தது. ஒரு பேருந்துக்கும் பால் வண்டிக்கும் நடுவில், வெயில் பட்டு மின்னிக்கொண்டு, கிங்ஸ் சர்க்கிளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, செல்லாது என்ற அந்தச் சொல்.