திட்டு விழாத பிள்ளை

"உனக்கு எந்தக் கலர் பிடிக்கும் கண்ணு?"

"நீலம், சித்தி."

"நீலத்துலயே ஒரு சட்டை எடுத்துடுவோம். இன்னும் கொஞ்சம் சாப்பிடேன். முடியலன்னா மிச்சம் வை, பரவால்ல."

போன வீட்டில் நடந்த பேச்சு இது. தட்டில் மிச்சம் வைத்தால் அந்தச் சித்தி வீட்டையே இரண்டாக்கிவிடுவார். அன்று மட்டும் குரலில் அத்தனை சர்க்கரை. அந்த வாரமே அவளை நீலச் சட்டையோடு, ஆதரவற்ற பிள்ளைகளை வளர்ப்பு வீடுகளில் சேர்க்கும் ஆபீஸின் காரில் ஏற்றிவிட்டார்கள். "எங்களால சமாளிக்க முடியலம்மா" என்று ஆபீஸ் அக்காவிடம் சித்தி சொன்னது பாதி மூடிய கார்க் கண்ணாடி வழியாக அவள் காதில் விழுந்தது.

அதற்கு முந்தைய வீட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான். பதினோரு வயதுக்குள் அவள் ஒன்றைத் தெரிந்துவைத்திருந்தாள். பெரியவர்கள் திட்டுவதை நிறுத்திவிட்டால், பெட்டி கட்டும் நேரம் வந்துவிட்டது.

இந்த வீட்டிலோ வந்த நாளிலிருந்தே யாரும் அவளைத் திட்டவில்லை.

இந்த வீட்டு அத்தைக்குத் திரைச்சீலை தைக்கும் தொழில். முன்னறையில் துணிச்சுருள்கள் ஜன்னலை மறைத்து ஆளுயரத்துக்கு நின்றன. தையல் மெஷினுக்கும் மேஜைக்கும் நடுவே ஒரு ஆள் போகத்தான் வழி. எதிலும் பட்டுவிடாமல் பக்கவாட்டில் நடக்க அவள் பழகிக்கொண்டாள். பஸ் ஓட்டும் மாமா வீட்டில் இருக்கும் நேரம் குறைவு. அவர்களுக்கு அவள் வயதிலேயே ஒரு மகள். வாய் ஓயாததால் அந்த மகளுக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர்.

"ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? காதுல என்ன பஞ்சா?"

"பஞ்சா? நீ கத்துற கத்துல ஓட்டையே பெருசாயிடுச்சும்மா!"

"வர்றேன் இரு, அதைத் தச்சு விடுறேன்!"

இப்படித்தான் தினமும். கடைசியில் இரண்டு பேரும் சிரித்துவிடுவார்கள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்பவளின் உதடுகள் சத்தமில்லாமல் அசையும். தன்னைத் திட்டினால் என்ன பதில் சொல்லலாம் என்று அவளிடம் நிறைய யோசனைகள் இருந்தன. ஒன்றுக்கும் வேலை வரவில்லை.

பள்ளியிலும் அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் பென்சிலை எடுத்துக்கொண்டவளிடம் திருப்பிக் கேட்கவில்லை. விளையாட்டில் அவுட் ஆகாதபோதும் யாராவது கத்தினால் ஒதுங்கிக்கொண்டாள். சண்டைக்கே வராதவளோடு சமாதானம் பேச யாருக்கும் தேவைப்படவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தனியாகத்தான் உட்கார்ந்தாள். "தங்கமான பொண்ணு. இருக்கிற இடமே தெரியாது" என்று டீச்சர் பாராட்டினார். அதைக் கேட்ட அத்தைக்கு ஏனோ முகம் வாடியது.

ஒரு விடுமுறை நாள் காலையில் அத்தை போன் பேச உள்ளே போயிருந்தார். மேஜைமேல் ஆஸ்பத்திரிக்கான பச்சைத் துணி விரிந்து கிடந்தது. உதவி செய்யலாம் என்று அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். சாக்பீஸ் கோட்டின் மேலேயே பிசகாமல் வெட்டினாள். கீழே மடித்துத் தைக்க ஒரு சாண் துணி விட்டுத்தான் வெட்ட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது.

திரும்பி வந்த அத்தையின் முகம் சிவந்தது. வாய் திறந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அத்தை எச்சிலை விழுங்கினார். "பரவால்ல கண்ணு. போய் உக்காரு" என்றவர் மகள் பக்கம் திரும்பினார். "கத்தரிக்கோலை எடுத்த இடத்துல வைக்கத் தெரியாதா உனக்கு? எருமை!"

"அவ வெட்டினதுக்கு எனக்கா திட்டு? இது எந்த ஊரு நியாயம்? மகாராணியை மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டே!"

துணியை வெட்டியவள் சத்தமில்லாமல் உள்ளே போய்த் தன் உடைகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினாள். சிறிது நேரத்தில் அத்தை எட்டிப் பார்த்தார்.

"என்ன பண்றே?"

"கார் எப்ப வரும் அத்தை?"

"எந்தக் கார்?"

"ஆபீஸ் கார். என்னை அனுப்பப் போறீங்கல்ல?"

அத்தை அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. யாரும் சொல்ல மாட்டாங்க. முதல்ல ரொம்ப நல்லாப் பேசுவாங்க. அப்புறம் கார் வரும்."

வாசலில் நின்ற ரேடியோவால் பொறுக்க முடியவில்லை. "அடி லூசு! உன்கிட்ட குரலை உசத்தவே கூடாதுன்னு ஆபீஸ் அக்காதான் அம்மாவுக்குச் சொல்லி வச்சிருக்காங்க. அதான் அம்மா பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு உன்னைத் திட்டிட்டு வருது!"

"ஏய், வாயை மூடுடி!" அத்தையின் காது மடல் வரை சிவந்துவிட்டது.

அவள் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். "நெஜமாவா அத்தை? என்னைத் திட்டுவீங்களா?"

"எப்பவாவது..." அத்தை முந்தானையைத் திருகினார். "நீ சரியா சாப்பிடாதப்ப. அந்தப் பென்சிலைத் திருப்பி வாங்காம வந்தியே, அன்னைக்கு. கோவம் வந்துடுது, என்ன செய்ய? உனக்குக் கேக்கக் கூடாதேன்னுதான்..."

கதவுக்குப் பின்னால் நின்ற நாள்களிலெல்லாம் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனதை இன்று அவளால் விழுங்க முடியவில்லை.

"எனக்குக் கேக்கணும் அத்தை. அவளைத் திட்டுற மாதிரியே என்னையும் திட்டுங்க."