சட்டமன்றம் போய்வந்த ஊற்று

சிஞ்சோக்மா? எல்லாரும் சுகந்தானே? வீட்டில் இருமலும் சளியுமாகக் கிடந்தவர்கள் எழுந்து நடமாடுகிறார்களா? முழங்கால் வலிக்காரர்களைத் தனியாக விசாரித்ததாகச் சொல்லுங்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1975 ஜனவரியில் ஆர்லீட்டா ஷீகோ சட்டமன்ற உறுப்பினராகப் பதவிப் பிரமாணம் எடுக்கத் தலைநகரமான ஓக்லஹோமா சிட்டிக்குக் காரில் கிளம்பியபோது, எங்கள் ஊர் பெக்கான் பெண்டின் ஊற்று எழுந்து அவள் பின்னாலேயே போய்விட்டது. காலையில் குடத்தோடு போனவர்கள் ஈரப் பாறையையும் ஒரு தவளையையும்தான் பார்த்தார்கள். தவளைக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒன்பது வயதிலிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் அந்த ஊற்றின் வாயில் அடைத்த சருகை அள்ளிப் போட்டவள் அவள்தான். பழகிவிட்டது, போய்விட்டது, வேறென்ன. மத்தியானமே பக்கத்து ஊருக்குத் தண்ணீர் வண்டி கேட்டு ஆள் அனுப்பினார்கள்.

அவள் ஜெயித்த கதையையும் சொல்லிவிடுகிறேன். எதிர்த்து நின்றவர் நல்ல மனிதர்தான், நல்ல தொப்பியும் வைத்திருந்தார். எங்கள் சிக்கசா பழங்குடி ஆட்கள் கூடிய இடத்தில் பெரிய இரும்புச் சட்டியில் பஷோஃபா கொதித்துக்கொண்டிருந்தது, உடைத்த சோளமும் பன்றிக்கறியுமாக. அதை உப்பில்லாமல்தான் வேகவைப்போம். அவரவர் கிண்ணத்தில் அவரவர் உப்பு. அந்த மனிதர் ஒரு வாய் சாப்பிட்டார், பாவம் மறந்துவிட்டார்கள் என்று நினைத்தார், உதவி செய்கிற ஆசையில் ஒரு பொட்டலம் உப்பையும் சட்டியிலேயே கொட்டிக் கலக்கிவிட்டார். எல்லாரும் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார்.

சட்டமன்றத்தில் ஊற்று அவளுடைய மேசைக்கு அடியில் கம்பளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது. முதல் வாரம் சபாநாயகர் ரஸ்ஸல் டிப்டன் மூன்று குழாய்க்காரர்களைக் கூப்பிட்டார். மூன்று பேரும் குனிந்து பார்த்து, குடித்துப் பார்த்து, அருமையான தண்ணீர் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டாவது வருடத்தில் உறுப்பினர்கள் ரப்பர் பூட்ஸ் போட்டு வரப் பழகினார்கள். மேசைக்கால்களைச் சுற்றி நீர்க்கீரை தழைத்தது. வரவுசெலவு விவாதம் நீளும்போது பலர் அதைக் கிள்ளித் தின்றார்கள். ஆர்லீட்டா அந்த ஈரத்தில் நின்றபடியே பேசி எங்கள் பக்கம் பாலம் கட்ட வைத்தாள், பள்ளியில் எங்கள் பாஷை சொல்லிக்கொடுக்க ஆள் போட வைத்தாள், சிறுநீரகம் கெட்டவர்களை வாரம் மூன்று முறை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக ஒரு வேன் விட வைத்தாள். அந்த வேனை ஒவ்வொரு வருடமும் யாராவது நிறுத்தப் பார்ப்பார்கள். ஒவ்வொரு வருடமும் அவள் எழுந்து நிற்பாள். அதில் போய்வந்தவர்கள் பதினெட்டுப் பேர். அவளை விட்டால் அவர்களுக்காகப் பேச அங்கே ஆள் கிடையாது.

சபை பிப்ரவரி முதல் மே வரை, அதிலும் திங்கள் முதல் வியாழன் வரை. வெள்ளிக்கிழமை அவள் ஊருக்கு வந்தால் தண்ணீரும் வரும். அதனால் பெக்கான் பெண்டில் துணி துவைப்பது சனிக்கிழமை, ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமை, மற்ற நாளுக்குப் பீப்பாய். மாடுகள்கூடக் கிழமை தெரிந்து நின்றன. குறை சொல்ல ஒரே ஆள் அவளுடைய அக்கா லோவிட்டா. வாராவாரம் போன் வரும்.

“ஏன்டி, போன வெள்ளிக்கிழமை அவ்வளவு வேகமா எதுக்குடி ஓட்டிட்டு வந்தே? தண்ணி ரெண்டு நாளா கலங்கியே கெடக்கு. பாதி மீனு வழியிலயே விழுந்துடுச்சு. பால்ஸ் வேலிங்கற ஊர்ல ஒருத்தன் பொறுக்கி வறுத்துத் தின்னுட்டு எனக்கே போன் பண்ணி ருசியா இருந்துச்சுங்கறான்.”

“நான் என்னக்கா பண்றது? மெதுவாப் போனா பின்னாடி வர்றவன் ஹாரன் அடிக்கிறான்.”

“அடிச்சா அடிக்கட்டும். அவன் பின்னாடி தண்ணியா வருது?”

பதினான்கு வருடம் இப்படியே சுகமாகப் போனது. தலைநகரமோ பெருத்துக்கொண்டே போய், 1989 கோடையில் குழாயில் காற்று மட்டும் வர ஆரம்பித்தது. தெற்கே இருந்து தண்ணீர் கொண்டுவரக் குழாய் பதிக்கலாமா என்று ஆறு மாதம் பேசினார்கள். ஒருநாள் சபாநாயகர் டிப்டன் தன் பூட்ஸைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தவர், அப்படியே நிறுத்திவிட்டு யோசித்தார். குழாய் எதற்கு? அந்த அம்மாளை இங்கேயே வைத்துக்கொண்டால் போதுமே. சபை இனி வருடம் முழுக்கக் கூடும், உறுப்பினர்கள் தலைநகரத்திலேயே குடியிருக்க வேண்டும் என்று ஒரு மசோதா எழுதினார். 1990 மே மாதம் அது ஓட்டுக்கு வருவதாக இருந்தது. நிறைவேற ஐம்பத்தொரு ஓட்டு வேண்டும். அவர் கையில் ஐம்பத்துமூன்று இருந்தது. அவர் நேர்மையான மனிதர், அவளிடமே வந்து சொன்னார்.

“ஆர்லீட்டாம்மா, துணை சபாநாயகர் நாற்காலி உங்களுக்குத்தான். வீடும் குடுக்கறோம். இங்கயே இருந்துடுங்க.”

“நாற்காலி எனக்கா, என் பின்னால வர்றதுக்கா?”

“ரெண்டுக்கும் சேத்துதான்மா. ஒளிக்க என்ன இருக்கு?”

மசோதா நிறைவேறினால் அவளுக்கு இரண்டே வழி. தங்கினால் ஊற்று ஊருக்கு இல்லை. விலகினால் வேன் இல்லை, அந்தப் பதினெட்டுப் பேருக்கு ஆள் இல்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு விலகல் கடிதத்தை எழுதி வைத்தாள். அக்காவுக்குப் போன் போட்டாள்.

“வேலைய விட்டுட்டு வந்துடறேன்க்கா. வேனுக்கு வேற ஏதாவது வழி பாப்போம்.”

லோவிட்டா, “சரி, வா. ஆனா நடந்து வா. இனிமே திரும்பிப் போகப் போறதில்லையே, ஒரு மீன்கூட விழாம முழுசா வரட்டும்” என்றாள்.

அடுத்த திங்கள்கிழமை ஓட்டெடுப்பு. ஆர்லீட்டா அதற்கு ஏழு நாள் முன்னால், மசோதா நிறைவேறியதும் அனுப்புவதற்காகக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, நல்ல செருப்பு போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். நூற்றுப் பத்து மைல். காரில் போகும்போது கலங்கிக்கொண்டு அவசரமாக ஓடிவந்த தண்ணீர், இப்போது சாலையோரத்தில் ஒரு முழ அகலத்துக்கு, வெயிலில் மினுங்கிக்கொண்டு நிதானமாக வந்தது. லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்து வழி விட்டார்கள். எங்கள் ஆட்கள் வீட்டைத் தாண்டி யாரும் சாப்பிடாமல் போக முடியாது, தெரியுமே. ஒரு வீட்டில் காட்டு வெங்காயமும் முட்டையும், ஒரு வீட்டில் திராட்சைக் கொழுக்கட்டை. எங்கள் ஆட்கள் இல்லாத வீடுகளிலும் அந்த வாரம் என்னவோ எல்லாரும் வாசலில் நாற்காலி போட்டு, உட்காருங்கள் என்றார்கள். அவள் உட்கார்ந்தால் தண்ணீரும் உட்காரும். அவள் எழுந்து போன பிறகு பார்த்தால் நாற்காலி இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊற்று தங்கியிருக்கும்.

பர்செல் பக்கத்தில் ஹோமர் ஸ்டைட்ஸ் என்கிற மாட்டுக்காரர், எங்கள் ஆட்கள் யாருக்கும் ஆயுளில் ஓட்டுப் போடாதவர், அவளுக்குப் பீன்ஸும் சோள ரொட்டியும் கொடுத்தார். வறண்டு கிடந்த தன் தொழுவத்தின் பக்கத்தில் தண்ணீர் ஊறுவதைப் பார்த்துவிட்டு, “இது நிக்குமாம்மா?” என்று கேட்டார்.

“ஒரு வருஷம் நிக்கும். நான் மறுபடி இந்த வழியா நடந்து வந்தா மறுபடி ஊறும்” என்றாள் அவள், வாயில் ரொட்டியோடு. சொல்லிவிட்டுத் தானே ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தினாள். அப்புறம் மீதி ரொட்டியையும் சாப்பிட்டுவிட்டு நடந்தாள்.

ஹோமர் அன்றைக்கே தன் தொகுதி உறுப்பினரைப் போனில் பிடித்தார். உறுப்பினர் அவருக்குத் தங்கை மகன்.

“டேய் எட்டி, திங்கக்கிழமை என்னமோ ஓட்டுப் போடப் போறியாமே?”

“ஆமா மாமா. சபாநாயகருக்கு வாக்குக் குடுத்துட்டேன்.”

“அந்தம்மாவ வருஷம் பூரா அங்க உக்கார வச்சா இந்த வழியா எப்பிடிடா நடந்து வருவாங்க? என் தண்ணி வத்துச்சுன்னா அறுவது மாட்டையும் ஓட்டிட்டு வந்து உன் வாசல்ல கட்டுவேன்.”

“மாமா, நான் சொல்றதக் கொஞ்சம்...”

“நவம்பர்ல உனக்கு ஓட்டுப் போடறது டிப்டனா, நானா?”

வழியில் ஆறு ஊற்று தங்கியது. அந்தப் பக்கத்து நான்கு உறுப்பினர்களின் வீட்டுப் போன் சனி, ஞாயிறு ஓயவில்லை.

ஞாயிறு சாயங்காலம் ஆர்லீட்டா ஊர் எல்லைக்கு வந்தாள். தண்ணீர் அவளுக்கு முன்னால் புகுந்து தன் பாறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. லோவிட்டா குனிந்து மீன்களை எண்ணினாள், ஒன்றும் குறையவில்லை. மறுநாள் ஓட்டெடுப்பில் ஆர்லீட்டாவின் மேசை காலியாக இருந்தது, தரையும் காய்ந்திருந்தது. வராத உறுப்பினரும் எதிர்த்த உறுப்பினரும் அங்கே ஒன்றுதான். ஐம்பத்தொன்று சேர வேண்டும், அவ்வளவே. பலகையில் பச்சை விளக்குகளை எண்ணினார்கள். நாற்பத்தொன்பது. டிப்டன் இரண்டாவது முறை எண்ணச் சொன்னார். அப்போதும் நாற்பத்தொன்பது. செய்தி போனில் வந்தபோது ஆர்லீட்டா வெந்நீரில் காலை வைத்துக்கொண்டிருந்தாள். கடிதம் கைப்பையை விட்டு வெளியே வரவேயில்லை. புதன்கிழமை அவள் தலைநகரத்துக்குத் திரும்பிப் போனாள், வேனுக்காகப் பேச. டிப்டன் எழுந்து நின்று பூட்ஸைப் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு பன்னிரண்டு வருடம் உறுப்பினராக இருந்தாள். ஒவ்வொரு மே மாதமும் சபை கலைகிற வெள்ளிக்கிழமை நடந்தே ஊருக்கு வந்தாள். யார் வீட்டில் உட்காருவது என்பதில் சண்டை வரக்கூடாது என்று மூன்று மாவட்டக்காரர்கள் கூடி முறை வைத்துக்கொண்டார்கள். தலைநகரத்துக்காரர்கள் தங்களுக்கென்று ஓர் ஏரி வெட்டிக்கொண்டார்கள், அதுவும் நல்ல ஏரிதான். இப்போது அவள் ஓய்வாக வீட்டில் இருக்கிறாள், வேனும் ஓடுகிறது. மே மாத நடைக்கு அவள் அக்கா மகன் காரில் நாற்காலியோடு முன்னால் போகிறான். மற்றபடி செவ்வாய்க்கிழமை டிஷோமிங்கோ ஊர் மளிகைக் கடைக்கு அவள் போகும்போது ஊற்றும் போய்விட்டுப் பதினொரு மணிக்கெல்லாம் திரும்பிவிடுகிறது. கடைக்காரர் அரிசி மூட்டையை மேல் தட்டில் ஏற்றி வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

உங்கள் ஊரில் எப்படி? யார் வெளியூர் போனால் எது கூடப் போகிறது, திரும்பி வருகிறதா, எத்தனை நாளில்? ஊர்ப் பெயரும் கிழமையும் போட்டு விவரமாக எழுதுங்கள். ஆர்லீட்டாவும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க ஆசைப்படுகிறாள்; ஆகையால் கடிதம் கொஞ்சம் நனைந்தாலும் அழியாத மையில் எழுதினால் நல்லது.