வெட்டுமூலை

...சரி, பைத்தான் என்றே எழுதிவிடலாம், சோதனைக்கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்த மொழி, ஊரோடு ஒத்து வாழ் என்பது மென்பொருளுக்கும்தானே, நாளைக்கே நான் காய்ச்சலில் படுத்தாலும் இன்னொருத்தர் திறந்து பார்த்துத் திருத்தலாம். பழைய நிரலை என்னைத் தவிர யார் தொடுவார்கள், தொட்டால் தலை சுற்றும், எழுதின எனக்கே சுற்றுகிறது... எதில் ஓட்டுவது, மூலையில் உறுமுகிற இந்தக் கிழட்டுக் கணினியிலா, அவரவர் மேசையிலிருந்தே பார்க்கிற மாதிரி சர்வரிலா? சர்வர்தான், லினக்ஸ்தான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது. பதினோரு மணிக்கு, பழைய நிரலை மாற்றக் கேட்கும் இந்தப் படிவம் கூடத் தலைவர் மேசையில் இருக்க வேண்டும், இப்போது பத்தே முக்கால். மொழி, தளம், இரண்டு கட்டமும் நிரம்பிவிட்டன. ‘சோதனை ஓட்டத்தின் முடிவு’ என்கிற மூன்றாவது கட்டத்தில்தான் பேனா மாட்டிக்கொண்டு நிற்கிறது. நேற்றைய ஓட்டம் அப்படி ஊற்றிக்கொண்டது. மாதிரிக்கு எழுதிப் பார்த்த புது நிரல், இரவலுக்கு ஒரு புதுக் கணினி, அளவுமானியில் பிளேட்டை வைத்ததோ வழக்கம்போல அக்கா, வந்த எண்களைப் பார்த்தால் வெறும் தண்ணீர் விட்ட குழிகளில் உச்ச அளவு, சாயம் ஏறிய குழிகளில் ஒன்றுமில்லை. “நிரல்ல தப்பில்லன்னா வைக்கிற கையிலதான் தப்பு,” என்றார் தலைவர், அத்தனை பேர் முன்னால், “அக்காவுக்கு வயசாச்சு, பிளேட் வேலைய வேற யாருக்காவது குடுத்துட்டு, அவங்க பாட்டில் கழுவட்டும்.” அக்கா கையுறையை விரல் விரலாகக் கழற்றினார்கள், அவ்வளவுதான். இருபது வருடமாக இந்தக் கூடத்தின் உதவியாளர், தலைவருக்கும் அக்கா, காவலாளிக்கும் அக்கா, குழி குழியாகச் சாயத்தை அளக்கிற அந்த அளவுமானிப் பக்கம் இன்னொருத்தர் கை போனால் முறைக்கிற அக்கா... வயதானால் கை மறக்குமா? இவர்கள் கையா?

இதோ, இன்றைய வேலையை எடுத்துக்கொண்டு பழைய கணினிப் பக்கம் வருகிறார்கள். உள்ளங்கை நீளத்துக்கு பிளாஸ்டிக் பிளேட், தொண்ணூற்றாறு குழி, ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும், அந்த வெட்டுமூலை உள்ளே போக வேண்டும், அதிலிருந்துதான் முதல் குழி. அக்கா பிளேட்டை ஒரு சுற்றுச் சுற்றி, வெட்டுமூலை தன் வயிற்றுப் பக்கம் பார்க்கிற மாதிரி... ஐயோ, தலைகீழ். “என்னக்கா, திருப்பி வைக்கிறீங்க?” “எப்பவும் வைக்கிறதுதானே.” “யாரு இப்படி வைக்கச் சொன்னது?” அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்கள், பிறகு கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். “யாரோ சொன்னாங்க, விடு.”

அந்த ‘விடு’வைத்தான் விட முடியவில்லை. யாரோ... நிறைமாதம், அன்றைக்குச் சாயங்காலத்தோடு விடுப்பு, இந்தப் பழைய நிரல் கடைசிக் குழியை முதல் குழி என்று படிக்கிறது, எங்கே தப்பு என்று தேடித் தேடிக் கால் வீங்கி உட்கார்ந்திருக்கிறேன், “அக்கா, இப்போதைக்குத் திருப்பி வைங்க, வந்து சரி பண்ணிடறேன்.” நான்தான். என் வாய்தான். வந்தேன், எண்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன, ஒழுங்காக வருவதை யார் நோண்டுவார்கள், மறந்தேபோனேன். அன்றைக்கு வயிற்றில் இருந்தவளுக்கு இப்போது என் செருப்பு அளவாக இருக்கிறது. இத்தனை வருடம், ஒரு நாள் தவறாமல், என் தப்பை இந்தக் கை திருப்பித் திருப்பி வைத்திருக்கிறது.

ஒரே ஒரு வரி போதும். புது நிரலிலும் தலைகீழாகப் படி என்று ஒரு வரி, மூன்றாவது கட்டத்தில் ‘சரி’ என்று ஒரு சொல், யாருக்கும் ஒன்றும் தெரியாது... தெரியாதுதான், ஆனால் புது வீட்டுக்கு ஓட்டைப் பானையையும் தூக்கிக்கொண்டு போவதா? அதைவிட, நேற்று எல்லோர் காதிலும் விழுந்தது விழுந்ததாகவே இருக்குமே, அக்காவின் கை தப்பு என்று.

“நேத்தே சொல்லியிருக்கலாம்லக்கா, இவ சொல்லித்தான் வைக்கிறேன்னு?” “நீதான் வந்து சரி பண்றேன்னு சொன்னியே.” கோபம் இல்லை, கிண்டலும் இல்லை, பால் வரும் என்று வாசலைப் பார்த்து நிற்கிறவர் குரல். “வந்தப்புறம் கேக்கலாம்னு பாத்தேன், நீ தூங்காத கண்ணோட வந்து நின்ன. சரி, ஒரு சுத்துதானேன்னு விட்டுட்டேன்.”

எழுதினேன். ‘பிளேட் நான் சொல்லிக்கொடுத்தபடியே வைக்கப்பட்டது. தவறு பழைய நிரலில். எழுதியவர் நான். புது நிரல் சரியாகப் படிக்கிறது.’ தலைவர் என்ன சொல்வாரோ, இத்தனை நாள் சொல்லாமல் எதற்கு என்பார், சொல்லட்டும். மணி பதினொன்றாக மூன்று நிமிடம், படிவத்தோடு எழுந்தேன். அக்கா அளவுமானியின் மூடியைச் சாத்திவிட்டுப் பொத்தானைத் தொடாமல் நின்றார்கள், உதடு அசைந்தது, ஒன்று, இரண்டு, மூன்று... தினமும் பார்ப்பதுதான், ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருந்தேன். “அது எதுக்குக்கா?” என்றேன், இதையும் என்றைக்கோ நான்தான் சொல்லிவைத்தேனா? அக்கா விரலை மட்டும் உயர்த்தி என்னை நிறுத்தினார்கள். பத்து வரை எண்ணி முடிக்காமல் பதில் சொல்ல மாட்டார்கள்.