கோட்டு இல்லாமல் கட்டிய பெட்டி

பிராக் நகரத்தில் ஜனவரி மாதம் மூச்சு விட்டால் புகை வரும், காதைத் தொட்டால் காது இருக்கிறதா என்றே தெரியாது என்று கேள்வி. அந்த ஊருக்குப் போகிறவனுக்குத் தஸின் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். நான்கு அரைக்கை சட்டை, இரண்டு அரை டிரவுசர், ரப்பர் செருப்பு ஒரு ஜோடி, வெயிலுக்குப் பூசும் களிம்பு. பெட்டி அவ்வளவுதான்.

தம்பி கௌங் செட்டுக்கு இருபத்து நான்கு வயது. பாலம் கட்டுகிற படிப்புக்கு அந்தப் பழைய நகரத்துப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு இடம் கிடைத்திருந்தது. வேறு நாடாக இருந்தால் தெருவுக்கே இனிப்பு கொடுத்திருப்பார்கள். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற ரங்கூனில் அந்த வயதுப் பையன் படிக்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் விமான நிலையத்திலேயே ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள், அங்கிருந்து நேரே பட்டாளம்தான். அதனால் கௌங் ஞாயிற்றுக்கிழமை பாங்காக்குக்கு நாலு நாள் சுற்றிப் பார்க்கப் போகிறான். கேட்டால் அதுதான் பதில். மீதியை அங்கே இருக்கும் சிநேகிதன் பார்த்துக்கொள்வான்.

போன வாரம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் இதே கதையைச் சொல்லிக்கொண்டு போனான். பெட்டியைத் திறந்தார்கள், இரண்டு ஸ்வெட்டர் இருந்தது. பாங்காக்கில் யாருக்கடா ஸ்வெட்டர் என்று கேட்டார்கள். அவன் இன்னும் வீடு திரும்பவில்லை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்களே, கனம்கூட வேண்டாம், கம்பளி போதும்.

இதெல்லாம் தெரிந்தும் தஸினுக்கு மனசு கேட்கவில்லை. நவம்பரில், கெடுபிடி இத்தனை இறுகுவதற்கு முன், பழைய துணிச் சந்தையில் அலைந்து ஒரு சாம்பல் நிறக் கோட்டு வாங்கியிருந்தாள். முழங்கால் வரை வரும். அதைப் பெட்டிக்குள் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள்.

“அடியில வச்சு மேல துண்டைப் போட்டு மூடிடறேன்டா.”

“அது கோட்டா கரடியாக்கா? கரடிக்குத் துண்டு போத்தினா கரடி இல்லேன்னு ஆயிடுமா?”

“இறங்கின உடனே வெறைச்சுப் போயிடுவே.”

“வெறைச்சா வெறைக்கறேன். உசிரோடதானே வெறைப்பேன்.”

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா அம்மா போன பிறகு பன்னிரண்டு வருஷமாக மருந்துக்கடையில் நின்று அவனை ஆளாக்கியவள். அவனுக்கு ஒன்று என்றால் தனக்கு உலகத்தில் வேறு எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

அப்போது பால்கனி மணி அடித்தது. நாலாம் மாடி வீடு. தெருவிலிருந்து கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், கயிற்றில் சாவியைக் கட்டி இறக்கினால் வந்தவர் தெருக்கதவைத் திறந்து ஏறி வருவார். எட்டிப் பார்த்தாள். கீழே, கக்கத்தில் நோட்டோடு, வார்டு ஆபீஸ் எழுத்தர் ஊ பா சிட். தெருவில் எந்த வீட்டில் எத்தனை ஆண்பிள்ளை, என்ன வயது என்று பட்டாளத்துக்கு எழுதிக் கொடுக்கிறவர்.

தஸின் சாவி கட்டத் தெரியாதவள் போல முடிச்சைப் போட்டுப் போட்டு அவிழ்த்தாள். அதற்குள் கௌங் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. கோட்டுதான் எங்கும் போகவில்லை. அலமாரி கொள்ளவில்லை, தலையணைக்கு அடியில் மலைபோல் நின்றது. செருப்புச் சத்தம் மூன்றாம் மாடியைத் தாண்டியபோது, வேறு வழி தெரியாமல், அதைத் தானே மாட்டிக்கொண்டாள்.

“என்னம்மா இது கோலம்?” என்றார் ஊ பா சிட், வாசலிலேயே நின்று.

“குளிர் காய்ச்சல், மாமா. நடுங்குது.”

“மருந்துக்கடைக்காரிக்கே காய்ச்சலா. அப்ப எங்க கதி?”

மத்தியானம் இரண்டு மணி. மின்சாரம் இல்லை, விசிறி நின்று கிடந்தது. அவள் நடுங்கினாள், நடிப்புக்குப் பாதி, பயத்துக்குப் பாதி. நெற்றியில் வியர்வை ஆறாக வழிந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்தார். குடும்பப் பட்டியலைச் சரிபார்ப்பதாகச் சொல்லி நோட்டைப் பிரித்தார்.

“தம்பி?”

“வேலைக்குப் போயிருக்கான்.”

அவர் அதை எழுதவில்லை. எழுந்து வந்து கோட்டின் கையை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

“நல்ல கம்பளி. உன் விரலே வெளியில தெரியலையேம்மா, இவ்வளவு நீளக் கை எதுக்கு?”

தஸின் குளியலறைப் பக்கம் கண் போகாமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள்.

“எம் பையன் பட்டாளத்துக்குப் போன கதை உனக்குத் தெரியுமா?” என்றார் அவர், சாதாரணமாக. “வார்டுல சீட்டுக் குலுக்கினப்ப அவன் பதினொண்ணாவது. பத்துப் பேர்தான் கேட்டாங்க. ஏழாவது பையன் எல்லை தாண்டி ஓடிட்டான். அவனுக்குப் பதிலா எம் பையன் பேரை நானே மைக்குல வாசிச்சேன்.”

முடிந்தது என்று நினைத்தாள். ஓடிப்போகிறவர்கள் மேல் இந்த ஊரிலேயே அதிகக் கோபம் இருக்க வேண்டிய ஆள் எதிரே நிற்கிறார்.

“சின் மலையில போட்டிருக்காங்க. ராத்திரி வாளித் தண்ணி உறையுதாம். ரெண்டு பேருக்கு ஒரு கம்பளி. கால்விரல் கறுத்துப் போச்சுப்பான்னு போன்ல சொன்னான்.” கோட்டிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார். “நாளைக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி போகுது. இதை எனக்குக் குடுப்பியாம்மா?”

கழற்றிக் கொடுத்தால் காய்ச்சல் பொய். கோட்டு தம்பியுடையது என்றும், அவன் குளிர் ஊருக்குக் கிளம்புகிறான் என்றும் தன் வாயாலேயே சொன்னதுபோல் ஆகிவிடும். கொடுக்காவிட்டால் மனம் கசந்த தகப்பனாக அவர் கையில் அந்த நோட்டோடு படியிறங்குவார். எது பொறி, எது வழி என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஒருவழியாகக் கழற்றிக் கொடுத்தாள். ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

“காய்ச்சல் விட்டுடுச்சு போல,” என்றார் அவர். அரிசிச் சாக்கு ஒன்று கேட்டு வாங்கி, கோட்டை மடித்துத் திணித்தார். குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார்.

“தம்பி பாங்காக்குக்கு, மாமா. சுத்திப் பார்க்க. நாலு நாள்ல வந்துடுவான்,” என்று அவளாகவே உளறினாள்.

“நான் ஒண்ணும் கேக்கலையேம்மா. திங்கக்கிழமை காலைல பேர் வாசிக்கிறேன். அவன் பேரும் இருக்கு. இன்னைக்கு வெள்ளிக்கிழமை.”

படியில் இரண்டு எட்டு இறங்கியவரைத் தஸின் கூப்பிட்டாள். ஏன் கூப்பிட்டோம் என்று பிறகு பலமுறை யோசித்தாள்.

“அவனுக்கு அடுத்த சீட்டு யாரு, மாமா?”

“தெரிஞ்சா தம்பியை நிறுத்திடுவியா?”

அவர் இறங்கிப் போனார்.

அன்று இரவும் மறுநாளும் அவள் தூங்கவில்லை. அந்த மனிதர் நல்லவராகவும் இருக்கலாம், நேரே ஆபீசுக்குப் போய் எழுதி வைத்தவராகவும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை விமான நிலையக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். சீருடைக்காரன் பெட்டியைத் திறந்தான். களிம்பு பாட்டிலை எடுத்து முகர்ந்தான். செருப்பைத் தட்டிப் பார்த்தான். ஏதோ கேட்டான். கௌங் சிரித்துக்கொண்டே நாலு விரலைக் காட்டினான். பெட்டி மூடப்பட்டது. திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான், திரும்பிப் பார்க்காதே என்று அவள்தான் சொல்லியிருந்தாள். சாயங்காலம் செய்தி வந்தது: ‘வந்துட்டேன்க்கா. இங்க செம வெயில்.’ தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

திங்கட்கிழமை காலை வார்டு ஆபீஸின் பேட்டரி மைக் கரகரத்தது. ஊ பா சிட்டின் குரல் தடுமாறவில்லை. கௌங் செட்டின் பேரை மூன்று தரம் கூப்பிட்டார். தஸின் அடுக்களைக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்தாள், அடுத்த பேர் காதில் விழாமல் இருக்க. மின்சாரம் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை, குழாய் காற்றை மட்டும் விட்டது. பேர் தெளிவாகவே கேட்டது. மியோ தெட். கீழே மூன்றாம் மாடி, டோ எய் மியிண்ட் அத்தையின் மகன். பத்தொன்பது வயது.

கீழ் வீட்டுக் கதவு திறந்தது. செருப்புச் சத்தம் மேலே ஏறி வந்தது. கதவைத் தட்டினால் திறக்கக்கூடாது என்று நினைத்தவள், தட்டியதும் திறந்தாள்.

“தஸின், உந்தம்பி எங்கம்மா?”

எத்தனையோ நாள் சொல்லிப் பார்த்துப் பழகிய வாய், தானாகவே திறந்துகொண்டது.

“பாங்காக் போயிருக்கான், அத்தை. சுத்திப் பார்க்க. நாலு நாள்ல வந்துடுவான்.”

அத்தை நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள்.

“அவ்வளவுதானா. நான் என்னவோ ஏதோன்னு பதறிட்டேன். நாலு நாள் பொறுங்க, அந்தப் பிள்ளை வந்துடும்னு ஆபீஸ்ல சொல்லிட்டு வந்துடறேன்.”

லுங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவசர அவசரமாகப் படியிறங்கினாள். தஸின் கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிடவில்லை.